‘நாரி எப்பிடியாம்?’: மசாஜ் மேசையும் ஊர் வாயும்

கனடாவின் ரொறன்ரோ நகரில், ஸ்காபுரோப் பகுதியில் ஒரு கோயில். மதிய அன்னதான வரிசையில் தட்டோடு நிற்கிற அம்மா ஒருவர், தனக்கு முன்னால் நிற்கிற இளம் பெண்ணை அடையாளம் கண்டுகொள்கிறார். ‘பிள்ளை, என்ர மருமகள் உங்களிட்டத்தானே மசாஜுக்கு வாறவள்? இப்ப நாரி எப்பிடியாம்?’ நாரி என்றால் முதுகின் கீழ்ப்பகுதி. கேள்வியில் விஷமம் இல்லை, அக்கறைதான். பதிலும் அதே அக்கறையோடு வந்துவிடக் கூடியது: ‘இப்ப பரவாயில்லை அம்மா, பாரம் தூக்க விடாதேங்கோ.’ அந்த ஒரு வரியோடு அந்தப் பெண் ஒன்ராறியோ மாகாணச் சட்டம் ஒன்றை மீறிவிட்டார்.

காட்சி கற்பனை. ஆனால் ரொறன்ரோ, மார்க்கம், ஏஜக்ஸ், பிரம்டன் பக்கம் தமிழரிடையே தொழில் செய்கிற மசாஜ் சிகிச்சையாளர் யாருக்கும் இது புதிதாக இருக்காது. ஆளுக்கு ஆள் தெரிந்த சமூகம். நோயாளியின் மாமியாரைக் கோயிலிலும், மச்சானைச் சாமத்தியவீட்டிலும், முதலாளியை மீன்கடையிலும் காண வேண்டியிருக்கிறது. தனியுரிமை என்றதும் கோப்பு அலமாரிக்குப் பூட்டு, கணினிக்குக் கடவுச்சொல் என்றுதான் பயிற்சி வகுப்புகள் தொடங்குகின்றன. அவை வேண்டியவைதான். ஆனால் நம்மிடையே இரகசியம் அலமாரியிலிருந்து ஒழுகுவதைவிட வாயிலிருந்து ஒழுகுவதே அதிகம் என்பது என் எண்ணம். அதுவும் வம்புக்கார வாயிலிருந்து அல்ல, நல்ல மனமுள்ள வாயிலிருந்து.

சட்டம் இதை முன்கூட்டியே யோசித்திருக்கிறது. ஒன்ராறியோவின் தனிநபர் சுகாதாரத் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2004 நவம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. தொழிலில் உள்ளவர்கள் அதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ‘பிப்பா’ என்பார்கள். சுகாதாரத் தகவல் என்றால் என்ன என்பதற்கு அது தரும் வரையறையில் இரண்டு இடங்கள் கவனிக்க வேண்டியவை. ஒன்று, தகவல் பதிவாக இருக்க வேண்டியதில்லை, வாய்மொழியாக இருந்தாலும் அது தகவல்தான். மற்றது, ஒருவருக்கு யார் சிகிச்சை தருகிறார் என்பதே சுகாதாரத் தகவல்தான். ஆகவே நாரி எப்படி இருக்கிறது என்று சொல்வது மட்டுமல்ல, ‘ஓம், அவ என்னட்டத்தான் வாறவ’ என்று தலையாட்டுவதும் தகவலை வெளியிடுவதே. மாமியாரோ கணவரோ அக்காவோ, நோயாளியின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் யாருக்கும் அதைச் சொல்ல முடியாது.

அப்படியானால் அந்த வரிசையில் நின்று என்னதான் சொல்வது? ‘சொல்ல ஏலாது’ என்று முறித்தால், ‘அப்ப ஏதோ பெரிய வருத்தம் போல’ என்று கதை வேறு பக்கம் ஓடும். அனுபவமுள்ளவர்கள் எல்லாருக்கும் ஒரே பதிலை வைத்திருக்கிறார்கள்: ‘அம்மா, ஆர் வாறது ஆர் போறது எண்டு நான் ஒருத்தரிட்டையும் கதைக்கிறேல்லை. நாளைக்கு நீங்கள் வந்தாலும் அப்பிடித்தான்.’ இதில் ‘ஓம்’ இல்லை, ‘இல்லை’யும் இல்லை. கேட்டவருக்கும் ஒரு உறுதிமொழி கிடைத்துவிடுகிறது. பெரும்பாலும் அம்மா சிரித்துவிட்டு, ‘அதுவும் சரிதான்’ என்று சாம்பாருக்கு நகர்ந்துவிடுவார்.

‘கல்லூரி’ என்றால் பள்ளிக்கூடம் அல்ல

ஒன்ராறியோவில் மசாஜ் சிகிச்சை என்பது அழகு நிலையச் சேவை அல்ல, தாதியர், பல்வைத்தியர் போல ஒழுங்குபடுத்தப்பட்ட சுகாதாரத் தொழில். 1925இல் மருந்தில்லா வைத்தியம் செய்பவர்களுக்காக வந்த சட்டத்திலேயே மசாஜ் செய்பவர்களுக்கும் இடம் இருந்தது. இன்றைய அமைப்பு 1991ஆம் ஆண்டுச் சட்டங்களிலிருந்து வருவது. ‘ஆர்.எம்.ரி’, அதாவது பதிவுபெற்ற மசாஜ் சிகிச்சையாளர், என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள வேண்டுமானால் ஒன்ராறியோ மசாஜ் சிகிச்சையாளர் கல்லூரியில் பதிவு இருக்க வேண்டும். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அங்கே யாரும் படிப்பதில்லை. முறைப்பாடு கேட்பதும், விசாரிப்பதும், பதிவைப் பறிப்பதும்தான் அதன் வேலை. உறுப்பினரின் சங்கம் அல்ல அது, பொதுமக்களின் பக்கம் நிற்கிற அமைப்பு.

தொட்டுச் செய்கிற தொழிலுக்கு வாய்க்கட்டுப்பாட்டைச் சட்டமாக்கியது ஒன்ராறியோ மட்டும் அல்ல. ஜப்பானில் பார்வையற்றோர் காலங்காலமாகச் செய்துவந்த தொழில் அன்மா என்கிற பிடித்துவிடும் வேலை. அங்கே அன்மா, மசாஜ், ஷியாட்சு செய்பவர்களுக்கான 1947ஆம் ஆண்டுச் சட்டம், தொழிலில் அறிந்த இரகசியத்தை வெளியிடக் கூடாது என்கிறது. தொழிலை விட்ட பிறகும் கூடாது என்கிறது. கண் தெரியாதவரிடம் உடம்பைக் கொடுப்பதில் வெட்கம் குறைவு என்று சிலர் நினைக்கலாம். ஆனால் விரலுக்குத் தெரிவது கண்ணுக்குத் தெரிவதைவிடக் குறைவு என்று யார் சொன்னது?

‘ஊரில எவடம்?’

முதல் நாள் வருகிறவரிடம் ஒரு படிவம் கொடுப்பார்கள். மருந்துகள், சத்திரசிகிச்சைகள், கர்ப்பம், இரத்தக்கட்டி, புற்றுநோய் என்று நீளமான பட்டியல். எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு. இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவரின் உடம்பை ஆழமாக அழுத்தினால் கண்டிப்போகும். காலில் இரத்தக்கட்டி இருப்பவரின் கெண்டைக்காலை உருவிவிட்டால் கட்டி இடம்பெயர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். சட்டம் கேட்பது ஒன்றுதான்: சிகிச்சைக்கு வேண்டியதை மட்டும் கேள், வேண்டாததைக் கேட்காதே.

நம்மவர் வழுக்குகிற இடம் படிவத்தில் இல்லை, படிவத்துக்கு வெளியே. ‘ஊரில எவடம்?’ என்பது யாழ்ப்பாணத்தாருக்கு வணக்கம் சொல்வதுபோல. அடுத்தது, ‘அதில எந்தப் பக்கம்?’ மூன்றாவது, ‘ஆற்ற பிள்ளை?’ மூன்று கேள்விக்குள் வந்தவரின் சாதி வரை போய்விடலாம் என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். உடுப்பைக் கழற்றிவிட்டு ஒரு துணிப் போர்வைக்குக் கீழ் முகம் குப்புறப் படுத்திருக்கிறவர் இந்தக் கேள்விக்கு எப்படிப் பதில் சொல்லாமல் இருப்பார்? எழுந்து போக முடியாது. அந்த நேரத்தில் அது கேள்வி அல்ல, பிடுங்கல். தோள் வலிக்கும் ஊருக்கும் ஒரு தொடர்பும் இல்லை. கேட்காமல் விடுகிற சிகிச்சையாளரை ‘கதைக்காத ஆள்’ என்று சிலர் சொல்லக்கூடும். சொல்லட்டும்.

இதே படிவத்தில் இன்னொரு சிக்கல் மொழி. ஆங்கிலம் வராத அம்மாவை மகள் கூட்டிவருகிறார். மகளே படிவத்தை நிரப்புகிறார், மகளே மொழிபெயர்க்கிறார். ‘ஒப்பரேஷன் ஏதும் செய்தனீங்களோ?’ என்ற கேள்விக்கு அம்மா மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு ‘இல்லை’ என்கிறார். கருப்பை எடுத்தது மகளுக்குத் தெரியாமல் இருக்கலாம், முப்பது வருடத்துக்கு முன் போன கர்ப்பம் தெரியாமல் இருக்கலாம். தமிழ் தெரிந்த சிகிச்சையாளர் இங்கே செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, மகளை ஐந்து நிமிடம் வெளியே இருக்கச் சொல்வதுதான். ‘தங்கச்சி, நீங்கள் வெளியில இருங்கோ, நான் அம்மாவோட கொஞ்சம் கதைச்சிட்டுக் கூப்பிடுறன்.’ எல்லாரிடமும் இதை வழக்கமாகச் செய்தால் யாருக்கும் சந்தேகம் வராது. ஒருவரிடம் மட்டும் செய்தால் வரும்.

பிள்ளைகள் பக்கம் சட்டம் பெற்றோரை வியக்க வைக்கும். ஒன்ராறியோவில் சிகிச்சைக்குச் சம்மதம் சொல்ல வயதெல்லை கிடையாது. விளங்கிக்கொள்ளும் திறன் இருக்கிறதா என்பதுதான் அளவுகோல். முதுகு பிடித்துக்கொண்டு வருகிற பதினைந்து வயதுப் பரதநாட்டிய மாணவி தன் சிகிச்சை பற்றித் தானே முடிவெடுக்கக் கூடியவள் என்றால், அந்தச் சிகிச்சை பற்றிய தகவலும் அவளுடையதே. பணம் கட்டுகிற அப்பா ‘என்ன சொன்னவள்?’ என்று கேட்டால் மகளிடம் கேட்டுவிட்டுத்தான் பதில்.

தோலில் எழுதியிருப்பது

பல்வைத்தியர் பல்லைப் பார்க்கிறார், கண்வைத்தியர் கண்ணை. மசாஜ் சிகிச்சையாளர் ஒரு மணிநேரம் ஆளோடு அறைக்குள் இருந்து, உடம்பின் பெரும்பகுதியைப் பார்த்தும் தொட்டும் அறிகிறார். ஆகவே இந்தத் தொழிலில் கோப்பு இரண்டாவதுதான். முதல் பதிவேடு தோல்.

ஈழத்திலிருந்து வந்த உடம்புகளில் இது வெறும் உவமை அல்ல. தொடையில் ஷெல் துண்டு இன்னும் உள்ளே இருக்கிற ஆட்கள் உண்டு. முதுகில் வரிவரியாகத் தழும்பு, தோளில் வட்டமாகச் சுட்ட அடையாளங்கள், பழுதாய்ப் பொருந்திய எலும்பு. சிலர் அதைப் பற்றி மனைவியிடம் ஒரு கதை சொல்லியிருப்பார்கள், பிள்ளைகளிடம் இன்னொரு கதை. அகதி வழக்கில் சத்தியக்கடதாசியில் சொன்னது மூன்றாவது. எவரிடமும் சொல்லாததும் இருக்கும். ஆணோ பெண்ணோ, தடுப்புக்காவலில் நடந்தது எதையும் வாய் திறந்து சொல்லாமலே மேசையில் படுத்திருப்பவரின் தோல் அதைச் சொல்லிவிடும்.

இங்கே சிகிச்சையாளர் என்ன கேட்கலாம்? ‘இதில அமத்தினா நோகுமா? உள்ளுக்குத் துண்டு ஏதும் இருக்கா?’ என்பது வேண்டிய கேள்வி. உலோகத் துண்டு இருக்கும் இடத்தில் ஆழமாக அழுத்தக் கூடாது, அதனால் கேட்கத்தான் வேண்டும். ‘இது எப்பிடி வந்தது? எந்தக் காம்பில?’ என்பது வேண்டாத கேள்வி. அவர் தானாகச் சொன்னால் கேட்கலாம். சொன்னதில் எவ்வளவைக் கோப்பில் எழுதுவது என்பது அடுத்த முடிவு. ‘இடது தொடையில் பழைய காயம், உள்ளே உலோகம், ஆழ அழுத்தம் தவிர்க்க’ என்று எழுதினால் அடுத்த முறைக்குப் போதும். யார் சுட்டார்கள், அப்போது அவர் எங்கே என்ன உடுப்பில் நின்றார் என்பதெல்லாம் கோப்பில் ஏறினால், அந்தக் கோப்பு நாளைக்கு யார் கையில் நிற்கும் என்று எழுதியவருக்கே தெரியாது. குறைத்து எழுதுவதும் பாதுகாப்புத்தான். ஆனால் உண்மையை மறைத்து எழுதக் கூடாது. சிகிச்சைக்குச் சம்பந்தமானதை விட்டால் அது வேறு குற்றம்.

போர்வை விஷயம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆள் உடுப்பு மாற்றும்போது சிகிச்சையாளர் அறைக்கு வெளியே, திரும்பி வரும்போது கதவில் தட்டல், வேலை நடக்கிற பகுதி மட்டும் திறந்திருக்கும். மார்பு, பிட்டம், உள்தொடையின் மேற்பகுதி போன்ற இடங்களில் கைவைக்க வேண்டுமானால் எழுத்தில் சம்மதம் வேண்டும் என்பது கல்லூரியின் விதி. இதைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. இதைச் சரியாகச் செய்கிறவர்களே மற்ற இடங்களில் கோட்டைவிடுகிறார்கள்.

கணவருக்குப் போகிற கடிதம்

சிகிச்சையாளர் வாயே திறக்காமல் இரகசியம் வெளியே போகும் ஒரு வழி காப்புறுதி. வேலையிடம் தருகிற குடும்பக் காப்புறுதித் திட்டம் பெரும்பாலும் ஒருவர் பெயரில் இருக்கும். மனைவி மசாஜுக்குப் போன திகதி, சிகிச்சையாளர் பெயர், தொகை எல்லாம் திட்டத்தின் உரிமையாளரான கணவரின் கணக்கில் தெரியும். எதிர்மாறாகவும் அப்படியே. கிளினிக்கிலிருந்தே நேராகக் காப்புறுதிக்கு அனுப்பிவிடுவது வசதிதான். ஆனால் வீட்டில் அடிவாங்கிய தோளோடு வருகிற பெண்ணுக்கு அது வசதி அல்ல. ‘இதைக் காப்புறுதிக்குப் போட்டால் திட்டம் ஆற்ற பெயரில இருக்கோ அவருக்குத் தெரியவரும், பரவாயில்லையோ?’ என்று எல்லாரிடமும் முதல் நாளே ஒரு வரி சொல்லிவைப்பது நல்லது. கைக்காசு கட்டுவதா என்பது அவர் முடிவு.

கார் விபத்து வழக்குகள் இன்னொரு வாசல். காப்புறுதி நிறுவனம் ஒரு பக்கம், வழக்கைப் பார்க்கிறவர் மறுபக்கம், இரண்டு பேரும் கோப்பைக் கேட்பார்கள். சுகாதாரத் தகவலை வெளியிட அனுமதி தரும் படிவத்துக்கு ஒன்ராறியோவில் ஓ.சி.எஃப்-5 என்று பெயர். நோயாளி ஒரு கட்டுப் படிவங்களோடு அதிலும் கையெழுத்துப் போட்டிருப்பார், என்னவென்று தெரியாமலே. படிவம் வந்தால் நோயாளிக்கு ஒரு அழைப்பு எடுத்து, ‘இன்ன திகதியில இருந்து இன்ன திகதி வரைக்கும் உங்கட குறிப்பை அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கினம், சரியோ?’ என்று கேட்பதற்கு இரண்டு நிமிடம் போதும். கேட்டதுக்கு மேல் ஒரு தாளும் போகக் கூடாது. தொலைபேசியில் ‘நான் அவற்ற கேசைப் பாக்கிறன் அக்கா, எத்தனை தரம் வந்தவர் எண்டு மட்டும் சொல்லுங்கோவன்’ என்று உரிமையோடு கேட்பவருக்கும் அதே சட்டம். ‘மட்டும்’ என்ற சொல்லால்தான் பெரும்பாலான இரகசியம் போகிறது.

குடும்ப வைத்தியருடன் பேசுவது மட்டும் கொஞ்சம் வேறு. ஒரே நோயாளியைப் பார்க்கும் சுகாதாரத் துறையினர், சிகிச்சைக்காகத் தமக்குள் தகவல் பகிரலாம். அதற்கு நோயாளியின் சம்மதம் இருப்பதாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. ‘வேண்டாம்’ என்று அவர் சொல்லியிருந்தால் இல்லை.

படப்பிடிப்பில் பறந்த கோப்புகள்

பிப்பாவைக் கண்காணிப்பவர் ஒன்ராறியோவின் தகவல், தனியுரிமை ஆணையாளர். இந்தச் சட்டத்தின் கீழ் அவர் அலுவலகம் பிறப்பித்த முதல் கட்டளையின் கதையைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். 2005 ஒக்டோபரில் ரொறன்ரோத் தெருவொன்றில் ஒரு படப்பிடிப்பு. நியூயோர்க் கோபுரங்கள் விழுந்த காட்சிக்காகத் தெருவில் தாள்கள் பறக்கவிட்டிருந்தார்கள். குனிந்து எடுத்துப் பார்த்தால் அவை உண்மையான நோயாளிகளின் பதிவுகள். எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட் கிளினிக் ஒன்று துண்டுதுண்டாக வெட்டி அழிக்கும்படி கொடுத்த தாள்கள், மறுசுழற்சிக் கடதாசியோடு கலந்து, படக்குழுவுக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. அழிக்கக் கொடுத்தோம் என்பது போதாது, அழிந்ததா என்று பார்ப்பதும் உன் பொறுப்பு என்பதே அந்தக் கட்டளையின் சாரம்.

2007இல் இரண்டு கட்டளைகள் வந்தன. ரொறன்ரோக் குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த ஒரு வைத்தியரின் மடிக்கணினி காரிலிருந்து திருட்டுப் போனது. அதில் ஏறத்தாழ 2,900 நோயாளிகளின் தகவல், குறியாக்கம் இல்லாமல். கடவுச்சொல் மட்டும் போதாது, தகவலையே பிறர் வாசிக்க முடியாதபடி குறியாக்கம் செய்ய வேண்டும் என்ற கட்டளை அதிலிருந்து வந்தது. மற்றது சட்பரி நகரில். போதைப் பழக்கத்திலிருந்து மீள்பவர்களுக்கு மெதடோன் என்ற மருந்தால் சிகிச்சை தரும் கிளினிக் ஒன்றின் கழிவறையில், சிறுநீர் மாதிரி கொடுப்பதைக் கண்காணிக்கக் கம்பியில்லாக் கமரா வைத்திருந்தார்கள். வெளியே போன ஒரு காரின் பின்பக்கக் கமராத் திரையில் அந்தக் கழிவறைக் காட்சி ஓடியது! காரைப் பின்னுக்கு எடுக்கப் பார்க்கிற திரையில் முன்பின் தெரியாத ஒருவரின் மிக அந்தரங்கமான நிமிடம்.

கமரா என்றதும் தமிழ்நாட்டு வாசகர்களுக்குச் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகள் நினைவுக்கு வரும். 2021 டிசம்பரில் நீதிபதி எஸ்.எம்.சுப்பிரமணியம், ஸ்பா, மசாஜ் நிலையங்களில் கண்காணிப்புக் கமரா பொருத்தச் சொன்னார். ஒரு மாதம்கூடக் கடக்கவில்லை, 2022 ஜனவரியில் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், ஸ்பாவுக்குள் கமரா வைப்பது ஒருவரின் உடல்மீதான உரிமையில் கைவைப்பது என்று எதிர்த்திசையில் தீர்ப்புச் சொன்னார். 2017இல் இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்க உரிமையை அடிப்படை உரிமை என்று சொன்ன புட்டசாமி வழக்குத்தான் அவருக்குத் துணை. முதல் தீர்ப்பின் கவலை பொய்யல்ல, ஸ்பா என்ற பெயரில் நடப்பவை எல்லாருக்கும் தெரியும். ஆனால் சட்பரிக் கதை தெரிந்தவர், அறைக்குள் கமரா என்பதைப் பாதுகாப்பு என்று சொல்லத் தயங்குவார்.

அடித்தளக் கிளினிக்குகளுக்கு இதெல்லாம் தூரத்துக் கதை போலத் தோன்றலாம். வீட்டு பேஸ்மென்டில் ஒரு மேசை போட்டுத் தொழில் செய்பவர்கள் நம்மிடையே நிறைய. அங்கே ஆபத்து சின்னச் சின்னதாக வரும். வாசல் மணிக்கமரா வருகிறவர் போகிறவர் எல்லாரையும் பதிந்து வீட்டுக்காரர் அத்தனை பேரின் போனுக்கும் அனுப்புகிறது. மகனின் வீட்டுப்பாடமும் நோயாளிகளின் குறிப்பும் ஒரே கணினியில். ஒருவர் போகும் நேரமும் அடுத்தவர் வரும் நேரமும் ஒட்டியிருந்தால் டிரைவ்வேயில் சம்பந்திகள் இருவர் முட்டிக்கொள்வார்கள். இடையில் பதினைந்து நிமிடம் விட்டால் முடிகிற பிரச்சினை. வட்ஸ்அப்பில் ‘நாளைக்கு 4 மணிக்கு இடுப்பு மசாஜ்’ என்று அனுப்பினால் பூட்டியிருக்கும் போனின் திரையிலேயே அது தெரியும், பக்கத்தில் இருப்பவர் வாசிப்பார். ‘நாளைக்கு 4 மணி’ என்பதே போதும்.

கூகிளில் யாராவது ‘இவர் சரியில்லை, நோ கூடினதுதான் மிச்சம்’ என்று எழுதினால்? இரத்தம் கொதிக்கும். ‘நீங்கள் மூன்று முறை வந்தீர்கள், சொன்ன பயிற்சியைச் செய்யவில்லை’ என்று பதில் போட்டால் அவர் நோயாளி என்பதை உலகத்துக்கே உறுதிப்படுத்தியாயிற்று. அவர் தானே எழுதிவிட்டார் என்பது உங்களுக்கு அனுமதி ஆகாது. இதேபோலத்தான், சென்னையிலிருந்து நிகழ்ச்சிக்கு வந்த பாடகர் கழுத்து வலியோடு வந்தால், அவரோடு எடுத்த செல்ஃபியை முகநூலில் போடும் ஆசையும்.

கோப்பு யாருடையது

கிளினிக்கில் வேலை செய்து விலகுகிற சிகிச்சையாளர் நோயாளிகளின் தொலைபேசி எண்களை எடுத்துப் போகலாமா? பெரும்பாலான சண்டை இங்கேதான். கோப்புக்குப் பொறுப்பாளர் யார் என்பதைச் சேரும்போதே ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால், பிரியும்போது இரண்டு பேரும் ‘என்னுடையது’ என்பார்கள். உண்மையில் பொறுப்பு ஒருவருக்கு, தகவல் நோயாளிக்கு. தன் கோப்பின் பிரதியை நோயாளி கேட்டால் 30 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். கடைசி வருகையிலிருந்து 10 வருடம் கோப்பை வைத்திருக்க வேண்டும். வந்தவர் சிறுவர் என்றால் 18 வயது நிரம்பியதிலிருந்து 10 வருடம்.

சிகிச்சைக்காகத் திரட்டிய தகவலை வாடிக்கை பிடிக்கப் பயன்படுத்தினால் என்ன நடக்கும் என்பதற்கு 2025இல் ஒரு தீர்மானம் வந்தது. மருத்துவமனையின் கணினிப் பதிவில் புதிதாய்ப் பிறந்த ஆண் குழந்தைகளைத் தேடி, தன் தனியார் கிளினிக்கில் சுன்னத்துச் செய்துகொள்ளும்படி பெற்றோரை அழைத்த வைத்தியருக்கு 5,000 டொலர், கிளினிக்குக்கு 7,500 டொலர் தண்டம். 2024 ஜனவரியில் ஆணையாளருக்குக் கிடைத்த தண்டமிடும் அதிகாரத்தை அவர் பயன்படுத்தியது அதுவே முதல் முறை. உச்ச வரம்பு இதைவிட எவ்வளவோ மேலே: தனிநபருக்கு 50,000 டொலர், நிறுவனத்துக்கு 5 இலட்சம். வேண்டுமென்றே மீறி நீதிமன்றம் வரை போனால் தனிநபருக்கு 2 இலட்சம் டொலர் வரை அபராதம், ஓராண்டு வரை சிறை.

வாய் திறக்கவே வேண்டிய நேரங்களும் உண்டு. பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை துன்புறுத்தப்படுவதாகச் சந்தேகம் வந்தால் சிறுவர் நலச் சங்கத்துக்குத் தானே நேரடியாக அறிவிக்க வேண்டும், முதலாளியிடம் சொல்லிவிட்டேன் என்று தப்ப முடியாது. யாருக்காவது பாரதூரமான உடற்காயம் நேரும் ஆபத்து உண்மையாக இருந்தால் அதைத் தடுக்கச் சொல்லலாம். இன்னொரு சுகாதாரத் துறையினர் நோயாளியிடம் பாலியல் ரீதியில் நடந்துகொண்டதாகத் தொழிலுக்குள் தெரியவந்தால் அவருடைய கல்லூரிக்கு அறிவிப்பது கட்டாயம். அந்த அறிவிப்பில்கூட, நோயாளி எழுத்தில் சம்மதித்தால் ஒழிய, அவர் பெயரை எழுதக் கூடாது. தீங்கு செய்தவரின் பெயர் போகும், தீங்கு பட்டவரின் பெயர் போகாது.

நோயாளி இறந்துவிட்டால் இதெல்லாம் முடிந்துவிடும் என்று நினைக்கலாம். முடியாது. இறந்து 50 வருடம், அல்லது பதிவு எழுதி 120 வருடம், இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை சட்டம் காவல் நிற்கிறது. அப்பாவின் கோப்பை மகன் கேட்டாலும், அவர் சொத்து நிர்வாகியாகவோ, அப்படி ஒருவர் இல்லாதபோது சொத்தை நிர்வகிக்கும் பொறுப்பை ஏற்றவராகவோ இருந்தால்தான் பொதுவாகக் கொடுக்கலாம்.

பத்து வருடம் வாராவாரம் வந்த ஐயா ஒருவர் போய்விட்டார் என்று வைத்துக்கொள்வோம். செத்தவீட்டுக்குப் போகாமல் இருக்க மனம் விடாது. மலர்ச்சாலையில் மூத்த மகள் கைகூப்பிக்கொண்டு கிட்ட வந்து, முகம் பிடிபடாமல் பார்க்கிறார். ‘அப்பாவை உங்களுக்கு எப்பிடித் தெரியும், அக்கா?’ ஐயாவின் இடது தோளில் இருந்த தழும்பு அந்த மகளுக்குத் தெரியுமா என்பது வந்தவருக்குத் தெரியாது.

‘தெரிஞ்சவர், பிள்ளை. நல்ல மனுசன்.’